மீன் தொட்டிச் செடிகளுக்கு உரம்: பொட்டலத்திலிருந்து இலை வரை

புதிதாக நட்ட செடி முதல் மாதம் தளதளவென்று வளரும். இரண்டாவது மாதம் அப்படியே நின்றுவிடும். மூன்றாவது மாதம் பழைய இலைகளில் ஊசியால் குத்தியது போல ஓட்டைகள் விழும், ஓரம் மஞ்சளாகும், அதன்மேல் பாசி படரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் "நமக்குச் செடி வராது" என்று பிளாஸ்டிக் செடிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தமான விஷயம். ஏனென்றால் அந்தச் செடிக்கு நோய் எதுவும் இல்லை, பட்டினிதான். முதல் மாதம் அது வளர்ந்தது பண்ணையில் சேர்த்துவைத்திருந்த சத்தைக் கொண்டு. அது தீர்ந்ததும் நின்றுவிட்டது.

"மீன் கழிவே உரம்தானே?" என்று கேட்பார்கள். பாதி உண்மை. தீவனத்திலுள்ள புரதம் கழிவாகித் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கொஞ்சம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தரும். சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இரும்பும் செடிக்கு வேண்டிய அளவுக்கு அதிலிருந்து வராது. செடி அடர்ந்து மீன் குறைவாக இருக்கும் தொட்டியில் தழைச்சத்தே பற்றாது.

கணக்குக்காக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம்: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப்படி சுமார் 57 லிட்டர் வரும். மணல், கல், மரக்கட்டை எல்லாம் போக, மேலே இரண்டு விரல் இடைவெளியும் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர்தான். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த 45 லிட்டருக்கு. உங்கள் தொட்டி 90 லிட்டர் என்றால் இரண்டு மடங்கு. எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த முறை நிரப்பும்போது அளவு போட்ட பக்கெட்டால் எண்ணி ஊற்றிப் பாருங்கள்.

உரத்துக்கு முன்: வெளிச்சமும் கரியமில வாயுவும்

செடிக்கு எந்தச் சத்து மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ, வளர்ச்சி அந்த அளவோடு நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய இந்த விதி வயலுக்குப் பொருந்துவது போலவே தொட்டிக்கும் பொருந்தும். செடியின் காய்ந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கரி, அதாவது கார்பன்தான். அதனால் தண்ணீருக்குள் முதலில் தட்டுப்பாடாவது பெரும்பாலும் கரியமில வாயு.

வெளிச்சத்தை வண்டியின் ஆக்சிலரேட்டர் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதை எவ்வளவு அழுத்துகிறீர்களோ, அந்த அளவுக்குக் கரியும் உரமும் தேவைப்படும். கரியமில வாயு சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு மிதமான எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு 6 மணி நேரம் போதும். சிலிண்டர் இருந்தால் 8 மணி நேரம். ஒரு டைமர் பிளக் வாங்கிப் போடுங்கள். மனிதர்கள் மறப்போம், அது மறக்காது.

சிலிண்டர் இல்லாத தொட்டியில் கரியமில வாயு வழக்கமாக 2 அல்லது 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) அளவில்தான் நிற்கும். சிலிண்டர் வைத்தவர்கள் குறிவைப்பது 30 பிபிஎம். அதைக் கண்ணால் காட்டுவது ட்ராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குமிழ். 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை உள்ள கரைசலில் நிறங்காட்டித் துளிகளை விட்டு அதற்குள் ஊற்றவேண்டும். நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, விளக்கு அணையும்போது மூடிவிடுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே வாயுவை நிறுத்திக் காற்று மோட்டாரை ஓடவிடுங்கள்.

ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்ட பாட்டில் முறையும் உண்டு. நம் ஊர் வெயிலில் அது முதல் சில நாள் பொங்கிப் பிறகு அடங்கிவிடும். வாயு ஏறி இறங்கினால் பாசி வரும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. "திரவ கார்பன்" என்று விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி. கரியமில வாயுவுக்கு அது மாற்றாகாது. வாலிஸ்னேரியாவை அது கரைத்துவிடும், கையில் பட்டாலும் எரியும்.

சிலிண்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, நம் குளத்து ஓரங்களில் தானாக முளைக்கும் நீர்ப்பிரம்மி ஆகியவை சிலிண்டர் இல்லாமலே நன்றாக வாழும். அவற்றுக்கு உரம் குறைவாகப் போதும், ஆனால் வேண்டும்.

உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

தொட்டித் தண்ணீருக்கு முன்னால் குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களின் கிணற்று, போர்வெல் தண்ணீரில் வயல் உரமும் கழிவுநீர்க் கசிவும் சேர்ந்து, தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் ஏறியிருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீரே 40 காட்டினால் தழைச்சத்து உரம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மற்றதை மட்டும் போடுங்கள். நைட்ரேட், பி.எச்., கடினத்தன்மை மூன்றுக்கும் துளிச் சோதனைப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். காகிதப் பட்டை தோராயமாகத்தான் சொல்லும்.

உப்புக் கடுத்த போர் தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து தாராளமாக இருக்கும். மக்னீசியம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். நேர் எதிர் ஆர்.ஓ. தண்ணீர்: அதில் இரண்டுமே கிட்டத்தட்ட இருக்காது. முழு ஆர்.ஓ.வில் செடி வைத்துவிட்டு இலை சுருள்கிறதே என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி ஆர்.ஓ., பாதி போர் தண்ணீர் என்று கலந்தாலே அநேகமாகச் சரியாகிவிடும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி கட்டாயம்.

பி.எச். எண்ணைக் குறித்துவையுங்கள், இரும்பு வாங்கும்போது அது தேவைப்படும்.

வேரால் சாப்பிடுபவை, இலையால் சாப்பிடுபவை

பெரும்பாலான நீர்ச்செடிகள் இரண்டு வழியாகவும் சத்தை எடுக்கும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டம் உண்டு. அமேசான் ஸ்வோர்டு, கிரிப்டோகோரைன் போன்றவை வேரை ஆழமாக விட்டு மணலிலிருந்து எடுக்க விரும்பும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி, பெக்கெட்டி ஆகிய கிரிப்டோகோரைன் வகைகள் இலங்கையின் ஓடைகளுக்குச் சொந்தமானவை. வெறும் ஆற்று மணலில் நட்டால் அவற்றுக்கு வேர் வில்லை, அதாவது ரூட் டேப், தேவை. செடியின் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, 2 அங்குல ஆழத்தில் இடுக்கியால் புதைத்துவிடுங்கள். பெரிய ஸ்வோர்டு செடிக்கு இரண்டு வில்லை, சின்னதற்கு ஒன்று. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். செடியைப் பிடுங்கி இடம் மாற்றும்போது பழைய வில்லை மேலே வந்துவிடாமல் பாருங்கள்.

ரோட்டாலா, லுட்விஜியா போன்ற தண்டுச் செடிகள் தண்ணீரிலிருந்தே பெரும்பாலும் எடுக்கும். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கட்டையிலோ கல்லிலோ கட்டிவைக்கிறோம். அவற்றுக்குத் தண்ணீர் உரம் மட்டும்தான் வழி. அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

சத்து மண் என்று விற்கும் ஆக்வா சாயில் போட்டிருந்தால், முதல் சில வாரங்கள் அதுவே அம்மோனியா கக்கும். அப்போது அடிக்கடி தண்ணீர் மாற்றுங்கள், தழைச்சத்து போடாதீர்கள், மீனும் விடாதீர்கள்.

என்ன வாங்குவது

மீன் கடையில் விற்கும் ஆயத்த உரப் பாட்டில் நல்லதுதான். ஒரே ஒரு சின்னத் தொட்டி என்றால் அதையே வாங்குங்கள். இரண்டு மூன்று தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உரக்கடை மிகவும் மலிவு. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும், தண்ணீரில் முழுக்கக் கரையும் உரங்கள்தான் நமக்கு வேண்டியவை. பொட்டலத்தில் மூன்று எண்கள் இருக்கும்: முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து.

13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட், நம் பழைய வெடியுப்பு. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இதிலேயே வந்துவிடும். 0-52-34 மணிச்சத்துக்கு. 0-0-50 என்பது பொட்டாசியம் சல்பேட். இவற்றோடு மக்னீசியம் சல்பேட், அதாவது மருந்துக் கடையிலும் கிடைக்கும் எப்சம் உப்பு.

வாங்கக் கூடாதது எது என்பது இன்னும் முக்கியம். என் முதல் தொட்டிக்கு உரம் கேட்டுப் போனபோது, "எல்லாச் சத்தும் இதிலேயே இருக்கு" என்று ஒரு கடையில் 19-19-19 எடுத்துக் கொடுத்தார்கள். அரை ஸ்பூன் போட்டேன். மறுநாள் காலை மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரை மாற்றியும் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த உரத்தில் தழைச்சத்தின் பெரும் பங்கு யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கிறது. அம்மோனியம் பி.எச். ஏற ஏற நச்சு அம்மோனியாவாக மாறும். பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்கு. கடின போர் தண்ணீரில் அது கொலைதான். ஆகவே 19-19-19, யூரியா, டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட், மண்புழு உரக் கரைசல், பஞ்சகவ்யா எதுவும் மீன் தொட்டிக்கு வேண்டாம். தோட்டத்துக்கு அவை அருமையானவை, அங்கேயே இருக்கட்டும்.

அடுத்து இரும்பு. வெறும் இரும்பு உப்பு தண்ணீரில் துருவாகப் படிந்துவிடும். அதனால் செலேட் செய்த, அதாவது துருவாகாமல் வேதிப்பொருள் ஒன்று பிடித்துவைத்திருக்கும் இரும்பு வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பது இடிடிஏ வகை, 12 சதவீத இரும்பு. பி.எச். 6.5-க்கு மேல் போனால் அதன் பிடி தளரத் தொடங்கும். டிடிபிஏ வகை சுமார் 7.5 வரை தாங்கும். உங்கள் தண்ணீர் 7-க்கு மேல் என்றால் டிடிபிஏவைத் தேடி வாங்குங்கள். இடிடிஏ மட்டும்தான் கிடைத்தது என்றால் வார அளவைச் சிறுசிறு பங்காகப் பிரித்து விடுங்கள். இடிடிஹெச்ஏ என்ற வகை இன்னும் அதிக பி.எச்.சிலும் நிற்கும், ஆனால் தண்ணீரைச் செந்நிறமாக்கிவிடும்.

மாங்கனீசு, போரான், துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம் ஆகிய நுண்ணூட்டங்களுக்கு மட்டும் நான் உரக்கடைக்குப் போவதில்லை. வயலுக்கான கலவைகளில் துத்தநாகமும் தாமிரமும் எவ்வளவு என்பது பயிருக்குப் பயிர் மாறும். மீன் தொட்டிக்கென்றே செய்த நுண்ணூட்டப் பாட்டில் ஒன்றை வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவில் பாதியைப் போடுகிறேன். இறால் வளர்ப்பவர்களுக்கு இது கட்டாயம். தாமிரம் கொஞ்சம் கூடினாலும் இறாலும் நத்தையும் தாங்காது.

கரைசல் தயாரித்தல்

நகை எடை போடுகிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டாம். தலா 500 மில்லி பிடிக்கும் இரண்டு பாட்டில்கள், ஆர்.ஓ. தண்ணீர், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டில், பேரூட்டம். 500 மில்லி தண்ணீரில்:
பொட்டாசியம் நைட்ரேட் 30 கிராம்
0-52-34 உரம் 3 கிராம்
பொட்டாசியம் சல்பேட் 10 கிராம்
எப்சம் உப்பு 10 கிராம்

முதலில் 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரைத்து, பிறகு 500 வரை நிரப்புங்கள். பொட்டாசியம் சல்பேட் மெதுவாகத்தான் கரையும், பொறுமையாகக் குலுக்குங்கள். இதில் 5 மில்லி எடுத்து 45 லிட்டர் தொட்டியில் விட்டால் நைட்ரேட் 4 பிபிஎம், பாஸ்பேட் சுமார் அரை பிபிஎம், பொட்டாசியம் கிட்டத்தட்ட 4 பிபிஎம் ஏறும். மக்னீசியம் 0.2 பிபிஎம்.

இரண்டாவது பாட்டில், இரும்பு. 500 மில்லி தண்ணீரில் 5 கிராம் செலேட் இரும்பு. இதில் 5 மில்லி விட்டால் 0.1 பிபிஎம்-க்குச் சற்று மேல் இரும்பு கிடைக்கும். நுண்ணூட்டப் பாட்டிலையும் இதே நாளில் விடலாம்.

இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். பாஸ்பேட்டும் இரும்பும் அடர்த்தியாகச் சந்தித்தால் வீழ்படிவாகிக் கீழே இறங்கிவிடும், செடிக்கு எட்டாது. அதனால்தான் வேறு வேறு நாளில் விடுகிறோம். இரும்புக் கரைசலை வெளிச்சம் கெடுக்கும், இருட்டில் வையுங்கள். ஒரே தொட்டி என்றால் எல்லா அளவையும் இதே விகிதத்தில் குறைத்து, இரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் தயாரித்தால் பூஞ்சை பிடிக்காது.

தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் எதிலும் ஊற்றிவைக்காதீர்கள். பெரிய எழுத்தில் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெடியுப்புப் பொட்டலத்தை அடுப்பு, விளக்கு பக்கம் வைக்கவே கூடாது. ஈரம் படாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

வார அட்டவணை

கரியமில வாயு சிலிண்டரும் நல்ல வெளிச்சமும் உள்ள தொட்டிக்கு: திங்கள், புதன், வெள்ளி பேரூட்டம் 5 மில்லி. செவ்வாய், வியாழன், சனி இரும்பு 5 மில்லி. ஞாயிறு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அமெரிக்கரான டாம் பார் பிரபலப்படுத்திய முறை இந்த வழியில் வந்ததுதான். செடிக்கு எதுவும் குறையாமல் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்து, வாராவாரம் பாதித் தண்ணீரை வெளியேற்றிக் கணக்கை நேர் செய்வது அதன் யோசனை.

இது ஏன் பாதுகாப்பானது என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 12 பிபிஎம் நைட்ரேட் போடுகிறோம். செடி எதையுமே எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், பாதித் தண்ணீர் மாற்றியதும் 6 ஆகும். அடுத்த வாரம் 18, அதன்பின் 21, 22.5 என்று ஏறி 24-க்கு மேல் போகவே போகாது. உரத்திலிருந்து மட்டும் வரும் உச்சம் இது. மீன் கழிவிலிருந்து வருவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு: வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றி, அன்றைக்கே பேரூட்டம் 5 மில்லி. இரண்டு நாள் கழித்து இரும்பு 5 மில்லி. அவ்வளவுதான். இங்கே உச்சம் 16 பிபிஎம்.

எந்தத் தொட்டியானாலும் முதல் இரண்டு வாரம் இதில் பாதி அளவோடு தொடங்குங்கள். மாதம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவதற்கு முன் நைட்ரேட்டைச் சோதியுங்கள். 10-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 40 தாண்டினால் பொட்டாசியம் நைட்ரேட்டைக் குறைத்து, பொட்டாசியம் சல்பேட்டைக் கூட்டி அடுத்த பாட்டிலைக் கலக்குங்கள். பூஜ்யம் காட்டினால் மீன் கழிவு போதவில்லை என்று அர்த்தம், அளவைக் கூட்டுங்கள்.

இலையைப் படிப்பது

சோதனைப் பெட்டியை விட எனக்கு அதிகம் சொல்வது இலைதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: குறை பழைய இலையிலா, புது இலையிலா?

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் நான்கையும் செடியால் ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்த முடியும். தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து உருவி, குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலைதான் முதலில் பாதிக்கப்படும். இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் அப்படி நகர்த்த முடியாது. அவை குறைந்தால் நுனிக் குருத்தே கஷ்டப்படும்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்து. அடி இலையில் குண்டூசி ஓட்டைகள், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம், ஓரம் கருகல் என்றால் சாம்பல்சத்து. தொட்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவே வெளுத்தால் மக்னீசியம். செடி குட்டையாகக் கரும்பச்சையாக நின்று, கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிப் பாசி வந்தால் மணிச்சத்தைச் சந்தேகியுங்கள்.

புதுக் குருத்து வெளிறிப் பிறந்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. குருத்து முறுக்கிக்கொண்டு கோணலாக வந்தால் சுண்ணாம்புச்சத்து. ஆர்.ஓ. தண்ணீர்த் தொட்டிகளில் இதுதான் வரும். கரியமில வாயு ஏறி இறங்கினாலும் குருத்து கோணும் என்பதால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள்.

இரண்டு விஷயங்கள் பட்டினி போலத் தெரியும், ஆனால் பட்டினி இல்லை. பல பண்ணைகளில் செடியைத் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் வந்ததும் அந்தப் பழைய இலைகள் அழுகும், நீரில் வாழத் தெரிந்த புது இலைகள் வரும். இது இயல்பு. இன்னொன்று, கிரிப்டோகோரைன் இடம் மாறினால் இலை முழுவதையும் கரைத்துவிடும். வேர் உயிரோடு இருக்கும். பிடுங்கி எறியாமல் ஒரு மாதம் விட்டுவைத்தால் திரும்ப முளைக்கும்.

கெட்ட இலை ஒருபோதும் குணமாகாது. அதை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக வரும் இலையை மட்டும் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். நான்கு மாற்றம் ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் செடியின் பசியும் கூடும், கரையும் வாயுவும் குறையும். அப்போது குறைபாடு சீக்கிரமே இலையில் தெரிந்துவிடும்.

பாசி வந்தால்

உரத்தை நிறுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். செடி பலவீனமானால் பாசிக்கு இன்னும் வசதி. முதலில் விளக்கை 5 அல்லது 6 மணி நேரமாகக் குறையுங்கள், அழுகிய இலைகளை எடுங்கள், ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், தீவனத்தைக் குறையுங்கள். கரும் தாடிப் பாசி என்றால் கரியமில வாயு நிலையாக இல்லை என்பது வழக்கமான காரணம். நீலப்பச்சைப் பாய் போலப் படர்ந்து நாறினால், நைட்ரேட் பூஜ்யத்தில் இருக்கிறதா, நீரோட்டம் அங்கே போகிறதா என்று பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

ஒரு வாரம் வரை வெளியூர் போவதாக இருந்தால், கிளம்பும் முன்தினம் தண்ணீர் மாற்றிப் பேரூட்டம் ஒரு பங்கு விடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் உரப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். டைமரை நாளுக்கு 5 மணி நேரமாக மாற்றுங்கள். சிலிண்டரை மூடிவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் செடியின் தேவையும் குறையும், அந்த ஒரு பங்கு அதற்குப் போதும். திரும்பி வந்ததும் விட்ட நாட்களுக்கும் சேர்த்து மொத்தமாக ஊற்றாமல், தண்ணீரை மாற்றிவிட்டு, வழக்கமான 5 மில்லியிலிருந்தே தொடங்குங்கள். விளக்கை மட்டும் மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.